பெயர் வைத்த கரடி, எண் போட்ட கழுதை: போர்க்களத்தில் விலங்குகளுக்கு என்ன வேலை?

அந்தப் படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். கறுப்பு வெள்ளைப் படம். சிப்பாய் ஒருவர் கழுதைக் குட்டி ஒன்றை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். கூடவே ஒரு கதையும் வரும். இரண்டாம் உலகப் போராம், வழி முழுக்கக் கண்ணிவெடியாம். இறக்கிவிட்டால் கழுதை கண்ட இடத்தில் கால் வைத்து எல்லோரையும் கொன்றுவிடும் என்பதால் தூக்கிக்கொண்டு போகிறாராம். கடைசியில் வாழ்க்கைக்கு ஒரு பாடமும் ஒட்டியிருக்கும்.

படம் உண்மை. கதை பொய். அது 1958இல் அல்ஜீரியாவில் எடுத்த படம். அப்போது அங்கே போரிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சு அந்நியர் படையை (பிற நாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரான்சின் படை) சேர்ந்தவர்கள், பட்டினியால் துவண்டு கிடந்த ஒரு கழுதைக் குட்டியைப் பார்த்தார்கள். அதற்கு நடக்கத் தெம்பில்லை. ஒருவர் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்தார். தீனி கொடுத்துத் தேற்றி, பேம்பி என்று பெயர் வைத்து, தங்கள் படைப்பிரிவின் மாஸ்காட்டாக, அதாவது அடையாளச் செல்லமாக, வைத்துக்கொண்டார்கள். கண்ணிவெடிக்கும் அந்தக் குட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

கழுதை, ராணுவம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக் கேட்டதும் மூட்டை சுமக்க வந்தது என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. பேம்பி சுமக்க வந்ததில்லை. இப்படிப்பட்ட குழப்பத்தைப் போர் விலங்குகள் பற்றிய பேச்சில் அடிக்கடி பார்க்கிறேன். கரடி, நாய், புறா, கோவேறு கழுதை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு "வீர விலங்குகள்" என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். அதில் உண்மையான உழைப்பு எது, அந்த உழைப்பு எப்படி நடந்தது என்பதெல்லாம் மறைந்துபோகிறது. அதனால் ஆரம்பத்திலிருந்தே பிரித்துச் சொல்கிறேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

வண்டி இழுக்கும் மாடு இருக்கிற வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டில் காவலுக்கு ஒரு நாய். அப்புறம், எந்த வேலையும் செய்யாமல் குழந்தைகளின் மடியில் தூங்கும் ஒரு பூனை. மூன்றும் அந்த வீட்டு விலங்குகள்தான். ஆனால் மாடு இல்லையென்றால் மூட்டை சந்தைக்குப் போகாது. நாய் இல்லையென்றால் இரவில் யார் வந்தார்கள் என்று தெரியாது. பூனை இல்லையென்றால் எந்த வேலையும் நிற்காது, ஆனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும்.

ராணுவத்திலும் இப்படித்தான். முதல் வகை, பொருளைத் தன் முதுகில் சுமந்து செல்லும் பொதி விலங்கு. கோவேறு கழுதை, மட்டக்குதிரை, ஒட்டகம், கழுதை எல்லாம் இதில் வரும். இரண்டாம் வகை, பயிற்சி பெற்று ஒரு குறிப்பிட்ட திறமையைத் தரும் பணி விலங்கு. மோப்ப நாயும் செய்தி கொண்டுபோகும் புறாவும் இந்த வகை. மூன்றாவதுதான் மாஸ்காட். ஒரு படைப்பிரிவு தன் அடையாளமாகவும் நல்ல சகுனமாகவும் கூடவே வைத்திருக்கும் உயிர் அது. இந்தக் கட்டுரை முதல் வகையையும் மூன்றாம் வகையையும் பற்றியது.

எந்தக் கதை கைக்கு வந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்த விலங்கு நாளைக்கு இல்லாமல் போனால் முன்னணியில் இருப்பவருக்கு என்ன வராமல் போகும்? தோட்டா, தண்ணீர், சோறு என்று பதில் வந்தால் அது பொதி விலங்கு. சிரிப்பும் தெம்பும்தான் வராது என்றால் அது மாஸ்காட்.

மாஸ்காட் என்ன செய்கிறது?

போர் என்றால் எந்நேரமும் சண்டை என்று நினைக்கிறோம். சிப்பாயின் நாட்களில் பெரும்பகுதி காத்திருப்பதில்தான் போகும். வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அடுத்து என்ன என்று தெரியாமல், அதே பத்து முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு நாய்க்குட்டி வந்தால் முதலில் யாரோ ஒருவர் தன் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து வைப்பார். இரவு எங்கே படுக்கவைப்பது என்று பேச்சு வரும், பெயர் வைப்பதில் சண்டை வரும். உத்தரவும் பயமும் மட்டுமே இருந்த இடத்தில், அக்கறைப்பட ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. மாஸ்காட் செய்யும் வேலை இதுதான். அது உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிற வேலை.

இன்னொரு பக்கம் அடையாளம். ஒரு விளையாட்டு அணிக்கு நிறமும் கொடியும் போல, படைப்பிரிவுக்கு அதன் விலங்கு. அணிவகுப்பில் அது முன்னே நடந்தால் பின்னால் வருவது எந்தப் படை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நார்வே மன்னரின் மெய்க்காவல் படைக்கு எடின்பரோ மிருகக்காட்சி சாலையில் ஓர் அரசப் பென்குயின் இருக்கிறது. பெயர் நில்ஸ் ஓலாவ். 1972இல் அந்தப் படை அதைத் தத்தெடுத்தது. ஒன்று இறந்தால் அடுத்த பென்குயின் அதே பெயரையும் பதவியையும் ஏற்கும். 2008இல் அதற்கு வீரத்திருத்தகைப் பட்டம் கொடுத்தார்கள், 2023இல் மேஜர் ஜெனரல் ஆக்கினார்கள். அந்தப் பென்குயின் எந்தப் போருக்கும் போனதில்லை. போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

பதவி என்பது விளையாட்டா?

மாஸ்காட்டுக்குக் கொடுக்கும் பதவியை வெறும் வேடிக்கை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். உண்மையாகவே சிப்பாயாகச் சண்டை போட்டது என்று வேறு சிலர் நம்புகிறார்கள். இரண்டும் சரியில்லை. பதவிக்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. ராணுவத்தில் எதற்கும் தீனி போட வேண்டுமென்றால் அது ஏதாவது ஒரு கணக்கில் ஏற வேண்டும்.

பிரிட்டன் ராணுவத்தில் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு படைப்பிரிவு தானாகப் பிரியப்பட்டு வளர்த்தால் அது வெறும் செல்லப்பிராணி, செலவு அவர்களுடையது. ராணுவமே அங்கீகரித்த மாஸ்காட் என்றால் தீவனமும் கால்நடை மருத்துவமும் அரசுச் செலவு, அதற்கு ராணுவ எண்ணும் உண்டு. பதவி கொடுத்தால் அதைப் பறிக்கவும் முடியும். ராயல் வெல்ஷ் படைப்பிரிவின் ஆட்டுக்கடா வில்லியம் வின்ட்சருக்கு லான்ஸ் கார்ப்பரல் பதவி. 2006இல் சைப்ரசில் அரசியின் பிறந்தநாள் அணிவகுப்பு நடந்தது. கடா வரிசையில் நிற்காமல், முன்னால் போன முரசுக்காரர்களை முட்டப் பார்த்தது. உத்தரவை மீறியதாகக் குற்றம் சாட்டிப் பதவியை இறக்கிவிட்டார்கள். சில மாதம் ஒழுங்காக இருந்த பிறகு திரும்பக் கொடுத்தார்கள். அந்தப் படைக்காரர்கள் இதையெல்லாம் சிரத்தையோடுதான் செய்கிறார்கள். தங்களில் ஒருவர் என்று சொல்லிவிட்டால், விதியும் ஒன்றுதான்.

பதக்கம் வேறு விஷயம். டிக்கின் பதக்கத்தை அரசு கொடுப்பதில்லை. 1943இல் மரியா டிக்கின் என்ற பெண்மணி, தான் நிறுவிய விலங்கு நலத் தொண்டு நிறுவனத்தின் பெயரால் ஏற்படுத்திய விருது அது. முதலில் அதைப் பெற்றவை மூன்று புறாக்கள். பதக்கம் வாங்கியதெல்லாம் மாஸ்காட் என்று எண்ண வேண்டாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மாஸ்காட் படையின் மனதையும் அடையாளத்தையும் தாங்குகிறது. அதன் பதவி மரியாதைக்கும் உண்டு, தீவனக் கணக்குக்கும் உண்டு. அதன் வேலையைக் கிலோவில் அளக்க முடியாது. இனிப் பார்க்கப் போகிற வேலை முழுக்க முழுக்கக் கிலோவில் அளக்கிற வேலை.

நால்வகைப் படையில் இல்லாத ஐந்தாவது

தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படையைப் பற்றிப் படித்திருக்கிறோம். அந்த நாலு படைக்கும் அரிசியும் தண்ணீரும் அம்பும் யார் கொண்டுவந்து போட்டார்கள்? பொதி மாடும் கழுதையும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. எந்த நாட்டுப் போர் வரலாற்றிலும் பெரும்பாலும் இதே கதைதான். பாய்ந்து போகும் குதிரைக்குச் சிலை வைக்கிறார்கள், பின்னால் மூட்டையோடு ஏறி வருவது கண்ணுக்குப் படுவதில்லை.

ஏன் முதுகில் ஏற்ற வேண்டும், வண்டியில் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் அது எப்படி வீட்டுக்கு வருகிறது என்று பாருங்கள். ஆலையிலிருந்து ஊருக்குப் பெரிய லாரி. அங்கிருந்து தெருமுனைவரை சின்ன வண்டி. மாடிப்படிக்கு வந்ததும் எந்த வண்டியும் உதவாது, இரண்டு பேர் தோளில்தான் ஏற வேண்டும். தூரம் குறைவு, ஆனால் கஷ்டம் முழுவதும் அங்கேதான். மலையிலும் காட்டிலும் சேற்றிலும் நடக்கிற போருக்கு இந்த மாடிப்படிதான் பெரிய பிரச்சினை.

இந்த இடத்தில் இன்னொரு சொல். வண்டியை அல்லது பீரங்கியை இழுப்பது இழுவை விலங்கு. பாதை நன்றாக இருந்தால், ஒரு குதிரை முதுகில் சுமப்பதைப் போலப் பல மடங்கை இழுத்துவிடும். சக்கரம் வைத்த பெட்டியை இழுப்பதற்கும் அதையே தலையில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் சக்கரத்துக்குச் சாலை வேண்டும். சாலை முடிகிற இடத்தில் இழுவை முடிந்து பொதி தொடங்குகிறது.

முதுகில் சுமை எப்படி உட்காருகிறது?

மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக் கயிற்றால் கட்டினால் போதும் என்று தோன்றும். அப்படிக் கட்டினால் ஒரு நாள் நடையிலேயே அந்த விலங்கு பாழாகிவிடும்.

குதிரை வகை விலங்குகளின் முதுகெலும்பு முதுகின் நடுவே தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. அதன்மேல் நேராகப் பாரம் இறங்கக் கூடாது. அதனால் பொதிச் சேணம் என்று ஒன்று உண்டு. திணித்த மெத்தை இரண்டை எலும்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலா எலும்புகளின் மேல் படியவைத்து, நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி இடைவெளி விடுவார்கள். மெத்தைகளுக்கு மேலே ஒரு சட்டம். சட்டத்தின் இரண்டு பக்கமும் சுமை தொங்கும். காற்று புகுந்து போகிற அந்த இடைவெளிதான் முதுகைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது சமநிலை. இடப்பக்கம் 36 கிலோ என்றால் வலப்பக்கமும் 36 கிலோ. தராசுத் தட்டு மாதிரி. ஒரு பக்கம் சற்றுக் கூடினாலும் சேணம் அடிக்கு அடி நழுவிக்கொண்டே போகும், உராயும், தோல் வழண்டு புண்ணாகும். கழுதைக்காரர் காலையில் சுமை ஏற்றுவதற்கு முன்னால் சேணத்துக்கு அடியில் போடும் கம்பளியைக் கையால் தடவித் தடவிப் பார்ப்பார். ஒரு மடிப்பு, ஒரு சின்ன முள், ஒட்டிக் காய்ந்த சேறு, இவற்றில் எது இருந்தாலும் மாலைக்குள் அங்கே புண். புண் வந்த கழுதையை ஏற்ற முடியாது. அது சுமக்க வேண்டிய பெட்டியை யாரோ ஒரு மனிதர் சுமக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெட்டி வராது.

எவ்வளவு ஏற்றலாம்? உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை என்பது பொதுவான அளவு. பிரிட்டிஷ் ராணுவம் ஒரு கோவேறு கழுதைக்கு வைத்திருந்த சுமை 160 பவுண்டு, அதாவது 72 கிலோ அளவு. ஒட்டகம் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே சுமக்கும். ஆனால் அதன் பாதம் மெத்தை போல அகலமானது. மணலில் புதையாமல் நடக்கும், ஈரச் சேற்றில் வழுக்கி விழும். இந்த விலங்குதான் பெஸ்ட் என்று எதையும் சொல்ல முடியாது. எந்தத் தரை என்பதைப் பார்த்துத்தான் எந்த விலங்கு என்று முடிவு செய்ய வேண்டும்.

72 கிலோவுக்கு மேல் இருக்கும் பொருளை என்ன செய்வது? பிரித்துவிடுவார்கள். மலைப் பீரங்கி என்பது இதற்காகவே துண்டு துண்டாகக் கழற்றும்படி செய்தது. பிரிட்டிஷ் இந்தியப் படைகள் பயன்படுத்திய 3.7 அங்குல மலைப் பீரங்கியை எட்டுக் கோவேறு கழுதைகளில் ஏற்றுவார்கள். குழலின் ஒரு பாதி ஒன்றில், மறுபாதி இன்னொன்றில், சக்கரம் வேறொன்றில். மேலே போனதும் மறுபடி பூட்டிச் சுடுவார்கள்.

தீவனக் கணக்கு

பலர் கவனிக்காத விஷயம் இது. லாரி ஓடாவிட்டால் டீசல் குடிக்காது. விலங்கு நின்றாலும் தின்னும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கோவேறு கழுதை 72 கிலோ சுமக்கிறது. ஒரு நாளைக்கு 8 கிலோ தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகும் வழியில் புல் இல்லை, பாறையும் பனியும்தான். அப்படியானால் ஒன்பதே நாளில் தான் சுமந்த மொத்தத்தையும் தானே தின்று தீர்த்துவிடும். திரும்பி வரவும் வேண்டுமென்றால் நாலரை நாள் தூரத்துக்கு மேல் ஒரு தோட்டாவைக்கூட அதனால் கொண்டுபோக முடியாது. அதனால்தான் பொதி விலங்கு குறுகிய தூரத்துக்கு. சாலை முடியும் இடத்திலிருந்து முன்னணி வரை போய்த் திரும்பும், மறுபடி போகும்.

முதல் உலகப் போரில் பிரிட்டன் பிரான்சுக்குக் கப்பலில் அனுப்பிய தீவனம் 50 லட்சம் டன்னுக்கும் மேல். அனுப்பிய வெடிமருந்தைவிட வைக்கோலும் ஓட்ஸும் சற்று அதிகம். முதல் தடவை இதைப் படித்தபோது எண்ணைத் தப்பாக அச்சடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். தப்பில்லை. குண்டு முன்னணிக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வைக்கோல் போயாக வேண்டும்.

சுருக்கமாக: பொதி விலங்கின் பின்னால் மூன்று கணக்கு இருக்கிறது. எவ்வளவு எடை, இரண்டு பக்கமும் சமமா, தீவனம் எவ்வளவு தூரத்துக்குத் தாங்கும்.

ஏன் எல்லா இடத்திலும் கோவேறு கழுதை?

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு நடுவில் 63. அதனால் பெரும்பாலும் குட்டி போடாது. தாயிடமிருந்து உடல் வலுவும் தந்தையிடமிருந்து நிதானமும் வந்திருக்கிறது. குளம்பு குறுகலாக, கெட்டியாக இருக்கும், மலைப்பாதையில் கால் வைக்க அது தோது. குதிரையைவிடக் குறைவாகத் தின்னும், வெயிலையும் பொறுத்துக்கொள்ளும்.

பிடிவாதக் கழுதை என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. பயந்த குதிரை தறிகெட்டு ஓடும், பள்ளம் இருந்தால் அதிலும் விழும். பயந்த கோவேறு கழுதை நின்றுவிடும். முன்னால் உள்ள பாதை சரியில்லை என்று அதற்குத் தோன்றினால் அடித்தாலும் நகராது. செங்குத்தான சரிவில், இருட்டில், ஓர் அடி அகலப் பாதையில் நடக்கும்போது இப்படி நின்றுவிடுகிற விலங்குதான் நமக்கு வேண்டும்.

1915இல் துருக்கியின் கலிப்போலியில் கடற்கரையிலிருந்து மேட்டுக்குத் தண்ணீரும் தோட்டாவும் ஏறியது பெரும்பாலும் இரவில். அதில் பெரும் பங்கு இந்தியப் படையைச் சேர்ந்த கழுதைக்காரர்களுடையது. திரும்பி வரும்போது முதுகு காலியாக வர வேண்டியதில்லை என்பதும் பொதி விலங்கின் ஒரு குணம். அதே கலிப்போலியில் ஜான் சிம்ப்சன் கிர்க்பாட்ரிக் என்ற ஆஸ்திரேலியப் படை வீரர், காயம்பட்டவர்களைக் கழுதை மேல் உட்காரவைத்துக் கடற்கரைக்கு இறக்கிக்கொண்டே இருந்தார். மூன்று வாரம்தான். மே 19ஆம் தேதி குண்டடிபட்டு இறந்துபோனார்.

லாரி வந்த பிறகுமா?

இரண்டாம் உலகப் போர் என்றதும் டாங்கியும் விமானமும் நினைவுக்கு வருகின்றன. மின்னல் வேகத்துக்குப் பேர்போன ஜெர்மன் ராணுவம் அந்தப் போரில் 25 லட்சத்துக்கும் அதிகமான குதிரைகளைப் பயன்படுத்தியது, பெரும்பாலும் இழுவைக்கு.

பிரிட்டன் தன் படையை முழுக்க மோட்டார் மயமாக்கி இருந்தது. 1939 டிசம்பரில் பிரான்சில் குளிரும் சேறும் வந்தபோது லாரி போகாத இடங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பம்பாயிலிருந்து கப்பலில் இந்திய ராணுவத்தின் கோவேறு கழுதைக் கம்பெனிகள் மார்செய் துறைமுகத்துக்குப் போயின. அடுத்த கோடையில் டன்கிர்க் என்ற பிரெஞ்சுத் துறைமுகத்திலிருந்து படைகள் தப்பித்து வந்தபோது கழுதைக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். ஒரு கம்பெனி மட்டும் ஜெர்மானியரிடம் சிக்கிக்கொண்டது. கழுதைகளை ஏற்ற இடமில்லை. இந்தியாவிலிருந்து கூட்டிக்கொண்டு போனவற்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது.

1944இல் பர்மாவின் காட்டுக்குள், எதிரிகளான ஜப்பானியரின் வரிசைக்குப் பின்னால், சின்டிட் என்ற பிரிட்டிஷ் படைகளோடு கோவேறு கழுதைகளை விமானத்திலும் கிளைடரிலும் இறக்கினார்கள். போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். காட்டில் ஒரு கழுதை கத்தினால் ஒரு மைலுக்குக் கேட்கும், எல்லோரும் சாக வேண்டியதுதான். அதனால் மயக்க மருந்து கொடுத்து அவற்றின் குரல் நாணை அறுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவை வாயைத் திறக்கும், சத்தம் வராது. இதை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது. அந்தச் சிப்பாய்களுக்கு வேறு வழி இருந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வீர விலங்குகளின் பட்டியல் போடுகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இப்போதும் நிற்கவில்லை. 1999 கார்கில் போரில் இந்திய ராணுவத்தின் கோவேறு கழுதைகள் மலை ஏறின. ஹெலிகாப்டர் இறங்க முடியாத இடமும் மூடுபனி நாளும் இருக்கிறவரை அந்த வேலை இருக்கும்.

கோடு மங்கும் மூன்று இடங்கள்

இவ்வளவு பிரித்துச் சொன்ன பிறகு, பிரிவு கலந்துபோகும் சில கதைகளையும் சொல்ல வேண்டும். இணையத்தில் அதிகம் சுற்றுபவையும் இவைதான்.

வோய்டெக் ஒரு கரடி. 1942இல் ஈரானில் போலந்துப் படையினர் அதைக் குட்டியாக வாங்கி, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். அவர்களோடு மல்யுத்தம் செய்யும், பீர் குடிக்கும். அதுவரை சுத்தமான மாஸ்காட். 1944இல் எகிப்திலிருந்து இத்தாலிக்குக் கப்பல் ஏற வேண்டும். செல்லப்பிராணிகளுக்குக் கப்பலில் அனுமதி இல்லை. அதனால் 22ஆவது பீரங்கி வழங்கல் கம்பெனியில் அதைச் சிப்பாயாகச் சேர்த்து எண்ணும் கொடுத்தார்கள். பதவி ஒரு டிக்கெட்டாக உதவியது. அப்புறம் மான்டே கசினோ சண்டையின்போது, மற்றவர்கள் பெட்டி தூக்குவதைப் பார்த்து, அதுவும் குண்டுப் பெட்டிகளைத் தூக்கியதாக உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். குண்டைத் தூக்கிய கரடியின் உருவம் அந்தக் கம்பெனியின் சின்னமானது. அது ஆசையாகச் செய்த உதவி. ஒரு கரடியை நம்பி யாரும் பீரங்கிக்கு வழங்கல் திட்டம் போடவில்லை.

ரெக்லெஸ் எதிர்த் திசையில் போன கதை. கொரியப் போரில் அமெரிக்க மரைன் படையினர் 1952 அக்டோபரில் சியோலில் 250 டாலருக்கு வாங்கிய சின்னப் பெண் குதிரை. வாங்கியதே சுமக்கத்தான். பின்னுதைப்பு இல்லாத ஒரு வகைப் பீரங்கிக்குக் குண்டு கொண்டுபோக வேண்டும். 1953 மார்ச்சில் வேகஸ் என்ற முன்னரண் சண்டையில் ஒரே நாளில் 51 தடவை ஏறி இறங்கியது. 386 குண்டுகள். ஒரு குண்டு ஏறக்குறைய 11 கிலோ. வகுத்துப் பாருங்கள், ஒரு தடவைக்கு 80 கிலோவுக்குச் சற்று மேல். குதிரையின் எடை 400 கிலோ அளவு. ஐந்தில் ஒரு பங்கு என்று மேலே சொன்ன கணக்கு அப்படியே வந்து உட்காருகிறது. மொத்தம் 4 டன்னுக்கு மேல், ஒரே முதுகில். முதல் சில தடவை வழிகாட்டியவர் இருந்தார், பிறகு பெரும்பாலும் அது தனியாகவே போய்வந்தது. இரண்டு முறை காயம்பட்டது. போருக்குப் பின் சார்ஜென்ட் ஆனது, படையின் செல்லமானது. அந்த மரியாதை சுமந்து சம்பாதித்தது.

இந்தியாவில் பெடோங்கி. ஸ்பெயின் இனக் கோவேறு கழுதை. வெகுகாலம் அதற்குப் பெயரே கிடையாது, குளம்பில் போட்ட 15328 என்ற எண் மட்டும்தான். 1971 போரில் பாகிஸ்தான் படையிடம் சிக்கியது. அவர்கள் தங்கள் இயந்திரத் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டிகளையும் அதன் முதுகில் ஏற்றினார்கள். ஏற்றிய சுமையோடு அது எல்லை தாண்டி இந்திய முகாமுக்கே திரும்பி வந்துவிட்டது. வயதான பிறகுதான் பெடோங் என்ற இடத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். சுமை இறங்கிய பிறகு தன் படைப்பிரிவின் மாஸ்காட்டாக வாழ்ந்து 1998இல் இறந்தது.

போர் முடிந்த மறுநாள்

மாஸ்காட்டும் பொதி விலங்கும் உண்மையில் எவ்வளவு வேறு என்பது போர் முடிந்த பிறகு தெரியும். வோய்டெக் எடின்பரோ மிருகக்காட்சி சாலையில் 1963 வரை இருந்தது. பழைய படைத் தோழர்கள் வந்து போலிஷ் மொழியில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமாம். ரெக்லெஸ் கலிஃபோர்னியாவில் ஓய்வாக வாழ்ந்தது.

மற்றவை? முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து போன குதிரைகள் சுமார் 1,36,000. திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. ஒரு தளபதியின் குதிரை, பெயர் சாண்டி. மீதி இருந்தவற்றை வேறு படைகளுக்குக் கொடுத்தார்கள், விற்றார்கள், சுட்டார்கள்.

விற்றவற்றில் சில கெய்ரோவில் கல் வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. 1930இல் கணவரோடு அங்கே போன டோரத்தி புரூக் என்ற பிரிட்டிஷ் பெண்மணி அவற்றைத் தேட ஆரம்பித்தார். கண் தெரியாதவை, முட்டி வீங்கியவை, இருபது வயதைத் தாண்டியவை. வண்டிக்காரர்களும் ஏழைகள், சும்மா கேட்டால் கொடுக்க முடியாதவர்கள். அதனால் சொந்த நாட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார். மூன்று ஆண்டுகளில் சுமார் 5,000. பெரும்பாலானவற்றுக்கு அவரால் செய்ய முடிந்தது சில நாள் நல்ல தீவனம், நிழல், பிறகு வலியில்லாத சாவு. 1934இல் அங்கேயே ஒரு விலங்கு மருத்துவமனையும் தொடங்கினார், அவர் தொடங்கிய பணி இன்றும் நடக்கிறது.

எது ராணுவக் குதிரை, எது ஊர்க் குதிரை என்று எப்படிக் கண்டுபிடித்தார்? ஒன்றுக்கும் பெயர் இல்லை. சேணமும் வார்களும் தேய்த்துத் தேய்த்து முடி உதிர்ந்த தோலைத் துடைத்துப் பார்ப்பார்கள். அழுக்குக்கு அடியில், பல வருடத்துக்கு முன்னால் சூட்டுக்கோலால் போட்ட அம்புக்குறி ஒன்று தெரியும்.